ரிவர்ஸ், மூன்று, ஐந்து: செடானின் கியர்பாக்ஸ் சோம்பலைப் போக்கிய குறிப்புகள்

1,12,340 கி.மீ.

ஆறு சிலிண்டர், பின் சக்கர ஓட்டம், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். பன்னிரண்டு வயதான பெரிய செடான். கதவைச் சாத்திவிட்டால் இன்றைக்கும் உள்ளே வெளிச்சத்தம் வராது. அதனால்தானோ என்னவோ, கியர் மாறும்போது வரும் சின்னத் தடுமாற்றம்கூட அதில் பெரிதாகத் தெரிகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி ஒரு கணம் யோசிக்கிறது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது ஆர்பிஎம் முள் (எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டுவது) 2,200-லிருந்து 2,600 வரை வெறுமனே ஏறி, அப்புறம்தான் கியர் பிடிக்கிறது. எஞ்சின் சூடான பிறகு ரிவர்ஸ் போட்டால் இன்னும் மோசம். லீவரைத் தள்ளிவிட்டுக் காத்திருக்க வேண்டும், பிறகு ஒரு உதையோடு பிடிக்கும்.

சும்மா "மந்தமாக இருக்கிறது" என்றால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஒரு நோட்டு போட்டேன். கைப்பேசியில் மீட்டர் பலகையை மெதுவோட்டமாகப் படம்பிடித்து நேரத்தை எண்ணினேன். முதல் நாள் கணக்கு இது: ஆயில் சூடான நிலையில் ரிவர்ஸ் பிடிக்க 2.1 வினாடி, டிரைவ் பிடிக்க 0.9 வினாடி. டிரைவ் பரவாயில்லை, ரிவர்ஸ்தான் இழுக்கிறது. இந்த வித்தியாசத்தை அன்றைக்கே கவனித்திருக்கலாம். எழுதினேன், ஆனால் யோசிக்கவில்லை.

1,12,410 கி.மீ.

அடாப்டேஷனை அழித்தேன். அவசரப்பட்டுச் செய்த வேலை இது.

இந்த கியர்பாக்ஸ்கள் தாமே கற்றுக்கொள்ளும். ஒவ்வொரு கிளட்ச்சுக்கும் எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தத்தில் ஆயிலை நிரப்பினால் அது தட்டாமல் பிடிக்கும் என்று கணினி ஒரு கணக்கு வைத்திருக்கும். அதுதான் அடாப்டேஷன். கிளட்ச் தேயத் தேய அந்தக் கணக்கை மாற்றிக்கொண்டே வரும். வண்டிக் கணினியோடு பேசும் ஸ்கேனரில் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் அழிந்து தொழிற்சாலைக் கணக்குக்குப் போய்விடும். அழித்த அன்று வண்டி பறந்தது. மூன்றாம் நாள் பழைய நிலைக்கே வந்தது. நோய் உள்ளேயே இருக்கும்போது கணினி அதே நோய்க்கான கணக்கைத் திரும்பவும் எழுதிக்கொள்கிறது. அழிப்பதற்கு முன் அந்த எண்களை நான் படித்திருக்க வேண்டும். ஒரு நோயாளியின் பழைய ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டது போன்ற வேலை அது.

1,12,600 கி.மீ.

கியர்பாக்ஸைத் தொடுமுன் எஞ்சின் பக்கம் பார்த்தேன். கியர் எப்போது மாற வேண்டும், எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதையெல்லாம் கணினி எஞ்சினின் டார்க் (முறுக்கு விசை) கணக்கை வைத்தே முடிவு செய்கிறது. அந்தக் கணக்கு, உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சாரிலிருந்து தொடங்குகிறது. அது குறைத்துச் சொன்னால் கியர்பாக்ஸுக்கும் தவறான தகவல் போகும். ஸ்கேனரில் எரிபொருள் திருத்தம், அதாவது கணினி தானாகவே கூட்டிவிடும் எரிபொருள், 12 சதவீதம் கூடுதலாகக் காட்டியது. காற்று சென்சாருக்கென்றே விற்கும் ஸ்பிரேயால் கழுவி, நன்றாக உலரவிட்டு மாட்டினேன். சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய கம்பியை விரலாலோ துணியாலோ தொடவே கூடாது. பிரேக் கிளீனரும் வேண்டாம். எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியில் படிந்திருந்த கரியையும் துடைத்தேன்.

திருத்தம் 4 சதவீதத்துக்கு இறங்கியது. மிதித்தவுடன் வந்த யோசனை பாதி குறைந்தது. ரிவர்ஸ் அப்படியே 2.1. மூன்றாவது கியர்த் தடுமாற்றமும் அப்படியே. மேனுவல் மோடில் நானே கியரை மாற்றினாலும் அதே இடத்தில்தான் தடுமாறியது. ஆக, கோளாறு கணினி முடிவெடுப்பதில் இல்லை, அந்த முடிவை நிறைவேற்றும் ஆயில் அழுத்தத்தில் இருக்கிறது என்று புரிந்தது.

1,12,780 கி.மீ.

ஆயில். கையேட்டில் "வாழ்நாள் முழுவதற்கும்" என்று போட்டிருந்ததால் இதுவரை யாரும் மாற்றியதில்லை. ஆனால் 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றுங்கள் என்று கியர்பாக்ஸ் தயாரிப்பாளர்களே சொல்வதுண்டு. யாருடைய வாழ்நாள் என்பதுதான் கேள்வி.

இந்த ஆயில் வெறும் மசகு மட்டுமல்ல. அழுத்தத்தைக் கடத்துவதும், சூட்டைக் கொண்டுபோவதும், கிளட்ச் எவ்வளவு வழுக்கிப் பிடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பதும் இதே திரவம்தான். அந்த வழுக்கலுக்கென்று தனிச் சேர்மானம் உண்டு. 1970-களின் தொடக்கம் வரை அதற்கு எண்ணெய்த் திமிங்கலத்தின் எண்ணெயைக்கூடப் பயன்படுத்தினார்கள். சேர்மானம் தீர்ந்துபோன ஆயிலில் கிளட்ச் ஒன்று வழுக்கும், இல்லை வெடுக்கென்று கவ்வும்.

வேலை தொடங்கும்போது ஒரே ஒரு விதியை மறக்காதீர்கள்: நிரப்பும் போல்ட்டை முதலில் கழற்றிப் பாருங்கள், அப்புறம்தான் வடிக்கும் போல்ட். பழைய ஆயிலை வடித்துவிட்டு, நிரப்பும் போல்ட் இறுகிப்போய்க் கழலாவிட்டால் வண்டியை அங்கிருந்து நகர்த்தவே முடியாது. இன்னொன்று, நான்கு பக்கமும் ஸ்டாண்டு வைத்து வண்டியை மட்டமாகத் தூக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது.

வடிந்தது காபி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. தீய்ந்த வாடை மட்டும் இல்லை. அடித்தட்டில் இருந்த காந்தங்களில் சாம்பல் நிறப் பசை படிந்திருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன், மாவு போல நைசாக இருந்தது, எங்கும் உறுத்தவில்லை. அது கிளட்ச்சின் இயல்பான தேய்மானம். உலோகச் சில்லு ஒன்று பளபளத்திருந்தாலும் வேலையை அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

இந்தப் பெட்டியில் ஃபில்டர் அடித்தட்டோடு சேர்ந்தே வரும். புதுத் தட்டு போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். தட்டு பிளாஸ்டிக், அவசரப்பட்டால் விரிசல் விடும்.

அளவு பார்ப்பதில்தான் நிதானம் வேண்டும். டிப்ஸ்டிக் கிடையாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் 40 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது நிரப்பும் துளையைத் திறந்தால் மெல்லிய இழையாக வழிய வேண்டும். தம்பி பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியர்களிலும் ஒருமுறை லீவரை நகர்த்திவிட்டுப் பார்க்கில் வைத்தான். மடியில் லேப்டாப். "முப்பத்தேழு... முப்பத்தெட்டு... முப்பத்தொன்பது, திறண்ணா!" திறந்தேன். முதலில் ஒன்றுமே வரவில்லை. அரை லிட்டர் பம்ப் செய்தேன். ஒரு நூல் போல வழியத் தொடங்கியதும் மூடினேன். ஆயில் அதிகம் சூடேறிய பிறகு பார்த்திருந்தால் விரிந்துபோய் வழிந்திருக்கும், நிறைந்துவிட்டது என்று ஏமாந்திருப்பேன்.

மொத்தக் கொள்ளளவு சுமார் 9 லிட்டர், வடிந்தது 5 லிட்டர். மீதியில் பெரும்பகுதி டார்க் கன்வெர்ட்டரில், அதாவது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியே இணைக்கும் உறுப்பில், தங்கிவிடும். அதாவது பாதிக்குச் சற்று மேல்தான் புதிது. ரிவர்ஸ் 1.5 வினாடிக்கு வந்தது. முன்பைவிடக் கியர்கள் மிருதுவாக மாறின. ஆனால் மூன்றில் ஆர்பிஎம் இன்னும் எகிறியது, முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக.

1,13,050 கி.மீ.

இந்த முறை அடாப்டேஷனை அழிக்கவில்லை, படித்தேன்.

இந்த ஆறு கியர்ப் பெட்டி லெப்பெல்லெத்தியே என்ற அமைப்பில் ஆனது, குறைந்த உறுப்புகளை வைத்தே ஆறு கியர் தரும் வடிவமைப்பு அது. மூன்று கிளட்ச், இரண்டு பிரேக் (காலால் மிதிப்பது அல்ல, பெட்டிக்குள் சுழலும் பாகத்தைப் பிடித்து நிறுத்துவது), ஆக ஐந்தே உறுப்புகள். ஏ, பி, ஈ ஆகியவை கிளட்ச்கள். சி, டி பிரேக்குகள். எந்தக் கியரிலும் இரண்டு உறுப்புகள் பிடித்திருக்கும். ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். முதல் கியருக்கு ஏ-வும் டி-யும். இரண்டுக்கு ஏ-வும் சி-யும். மூன்றுக்கு ஏ-வும் பி-யும். நான்குக்கு ஏ-வும் ஈ-யும். ஐந்துக்கு பி-யும் ஈ-யும். ஆறுக்கு சி-யும் ஈ-யும். ரிவர்ஸுக்கு பி-யும் டி-யும்.

தாளைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்தது. மூன்று, ஐந்து, ரிவர்ஸ். மூன்றிலும் பி. நான்கிலிருந்து ஐந்துக்கு மாறும்போதும் லேசான இழுப்பு உண்டு என்று இரண்டாம் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தேன், அதைப் பொருட்படுத்தவில்லை. டிரைவில் தாமதம் இல்லாததற்கும் காரணம் தெரிந்துவிட்டது: முதல் கியரில் பி-க்கு வேலையே இல்லை. ஸ்கேனரில் பி கிளட்ச்சின் நிரப்பு எண் மட்டும் மற்ற நான்கையும்விட வெகுதூரம் தள்ளி நின்றது. கணினி இத்தனை நாள் எண்களில் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் நான் அன்றைக்கு அழித்திருக்கிறேன்.

கிளட்ச்சே போயிருந்தால் ஐந்தாவது கியரில் ஏற்றத்தில் தொடர்ந்து வழுக்க வேண்டும். அப்படி இல்லை, பிடித்தபின் உறுதியாகப் பிடிக்கிறது. பிடிக்கத்தான் நேரமாகிறது, அதுவும் சூட்டில்தான் அதிகம். சூட்டில் ஆயில் நீர்த்துப்போகும், நீர்த்த ஆயில் சின்ன இடைவெளியிலும் கசியும். ஆக, வழியில் எங்கோ ஒரு சீல் ஒழுகுகிறது என்ற முடிவுக்கு வந்தேன்.

1,13,400 கி.மீ.

ஆயிலை அந்தந்தக் கிளட்ச்சுக்குத் திருப்பிவிடும் வால்வு பாடியும் கணினியும் ஒன்றாக அடித்தட்டுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. அதற்கும் கியர்பாக்ஸ் கூட்டுக்கும் இடையில் ஒரு செவ்வக அடாப்டர் சீலும் நான்கு சிறு ரப்பர் குழாய்களும் உண்டு. உடலிலிருந்த நிலைமின்சாரத்தை இரும்பில் கைவைத்து இறக்கிவிட்டு, கனெக்டர் ஊசிகளைத் தொடாமல், மொத்தத்தையும் கீழே இறக்கினேன். நல்ல கனம். இரண்டு ஆள் வேண்டும்.

பழைய குழாய் ஒன்றை நகத்தால் அழுத்தினேன். புதியது அமுங்கி மீண்டது. பழையது அமுங்கவே இல்லை, பிளாஸ்டிக் போல இறுகிக் கிடந்தது. ஒன்றின் விளிம்பு தட்டையாகி, ஓரத்தில் ஆயில் ஓடிய தடம் கோடாகத் தெரிந்தது. ஐந்தையும் மாற்றி, கனெக்டர் உறையின் ஓ-ரிங்குகளையும் மாற்றினேன். இரண்டாம் முறை வடித்து நிரப்பியதில் புது ஆயிலின் பங்கு ஏறத்தாழ 80 சதவீதம் ஆயிற்று.

இப்போது அழித்தேன், முறையோடு. ஆயிலைச் சூடாக்கிவிட்டு, கால்வாசி மிதிப்பில் ஒன்றிலிருந்து ஆறு வரை, பிறகு பிரேக்கை அழுத்தாமல் தானாகவே வேகம் குறையவிட்டு, கடைசியில் மெதுவாக நிறுத்தினேன். திரும்பத் திரும்பப் பன்னிரண்டு முறை, வண்டி நடமாட்டம் இல்லாத நீண்ட சாலையில்.

1,14,100 கி.மீ.

ரிவர்ஸ் 0.8 வினாடி, சூட்டிலும் அதே. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது முள் எகிறாமல் நேராகக் கீழே இறங்குகிறது. பி-யின் எண் மற்ற நான்கின் பக்கத்தில் வந்துவிட்டது. காலையில் முதல் முறை நிற்கும்போது இரண்டிலிருந்து ஒன்றுக்கு ஒரு சின்னத் தட்டல் மட்டும் மிச்சம். அதற்கு டார்க் கன்வெர்ட்டரையும் கியர்பாக்ஸைத் தாங்கும் மவுண்ட் ரப்பரையும் பார்க்க வேண்டும். மவுண்டிலிருந்து தொடங்கப்போகிறேன், கழற்றாமலே பார்க்க முடிவது அதுதான்.

நேற்று மேட்டில் ஏறும்போது நான்கிலிருந்து ஐந்துக்கு மாறியது. தம்பி பக்கத்தில் இருந்தான். "மாறிடுச்சா?" என்று மீட்டரை எட்டிப் பார்த்துக் கேட்டான்.