அக்காவுக்கு ஸ்டெம் செல் கொடுத்த அனுபவம்

அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய். எச்.எல்.ஏ. பொருத்தம், அதாவது உடல் தன் செல் எது என்று அடையாளம் காணும் குறிகளின் பொருத்தம், எனக்கு முழுசாக அமைந்ததால், ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்லுக்கு நான்தான் கொடையாளி. இடுப்பெலும்பில் துளை போட்டு எடுப்பார்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். அந்த முறை இன்றும் உண்டு, ஆனால் எனக்குச் செய்தது வேறு. சில நாள் ஊசி போட்டு, அப்புறம் கை நரம்பு வழியாக ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்லைப் பிரித்து எடுத்தார்கள்.

எலும்புக்குள்ளே மஜ்ஜையில் இருக்கிற செல் ரத்தத்துக்கு எப்படி வரும் என்று டாக்டரிடம் கேட்டேன். மஜ்ஜையில் உள்ள துணைச் செல்கள் சி.எக்ஸ்.சி.எல்.12 என்றொரு புரதத்தைச் சுரக்கின்றன, ஸ்டெம் செல்லின் மேல் அதைப் பிடிக்கும் சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற ஏற்பி இருக்கிறது, அந்தப் பிடிப்பு இருக்கும்வரை பெரும்பாலான ஸ்டெம் செல்கள் அங்கேயே தங்கிவிடும். எனக்குப் போட்ட ஜி.சி.எஸ்.எஃப். ஊசியைப் போட்டால் மஜ்ஜையில் அந்தப் புரதம் குறைந்து, பிடி தளர்ந்து, செல்கள் ரத்தத்தில் இறங்குகின்றன. அது போதாமல் போனால் பிளெரிக்ஸாஃபோர் என்று ஒரு மருந்து இருக்கிறது, அது ஏற்பியையே அடைத்துவிடும். எனக்கு அது தேவைப்படவில்லை.

வலி உண்டு, மறைக்க வேண்டியதில்லை. இடுப்பு, முதுகின் அடிப்பகுதி, நெஞ்செலும்பு எல்லாம் விண்விண்ணென்று தெறிக்கும், ராத்திரியில்தான் அதிகம். மஜ்ஜைக்குள் வெள்ளை அணுக்கள் வேகமாகப் பெருகுவதால் வருகிற வலி அது. பாராசிட்டமால் கொடுத்தார்கள், ஓரளவு கேட்டது. மண்ணீரல் வீங்கியிருக்கும், கனம் தூக்காதே, ஓடாதே என்றும் சொன்னார்கள். இதை அவசியம் கடைப்பிடியுங்கள்.

எடுக்கும் நாளில் காலையில் சி.டி.34 எண்ணிக்கை பார்த்தார்கள். ரத்தத்தில் எத்தனை ஸ்டெம் செல் இறங்கியிருக்கிறது என்பதற்கு அதுதான் கணக்கு. ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போய், வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சம் மறு கைக்குத் திரும்பும். மணிக்கணக்கில் கையை மடக்காமல் படுத்திருக்க வேண்டும், மூக்கு அரித்தால்கூட நர்ஸைத்தான் கூப்பிட வேண்டும். நடுவில் உதடும் விரல்நுனியும் மரத்துப்போகிற மாதிரி கூசின. ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் அப்படி. சொன்னவுடனே கால்சியம் கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. அதனால் லேசாகக் கூசினாலே சொல்லிவிடுங்கள், பொறுத்துக்கொண்டு கிடக்காதீர்கள்.

அக்காவுக்கு அறுவைச் சிகிச்சை எதுவும் இல்லை, ரத்தம் ஏற்றுவது போலத்தான் ஏற்றினார்கள். நரம்பில் விட்ட செல்லுக்கு எலும்புக்குள் போக வழிகாட்டுவதும் அதே சி.எக்ஸ்.சி.எல்.12 தான் என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. வெளியே வர எதன் பிடியைத் தளர்த்தினார்களோ அதுவே அங்கே உள்ளே இழுக்கிறது.

அப்புறம் காத்திருப்புதான், பொதுவாக 2 முதல் 4 வாரம். தினமும் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவின் வரியைத்தான் முதலில் தேடுவோம். 500ஐத் தாண்டி மூன்று நாள் தொடர்ந்து நின்ற பிறகுதான் செல்கள் ஒட்டிவிட்டன என்று டாக்டர் சொன்னார், அன்றைக்குத்தான் அம்மா நிம்மதியாகத் தூங்கினார்.