கராஜில் ஒரு பரண்

துளையிடும் கருவியைத் தலைக்கு மேலே பிடித்தபடி ஏணியின் நான்காம் படியில் நின்றேன். பொத்தானை அழுத்தக் கை வரவில்லை. வீடு வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவரை எந்தச் சுவரிலும் நான் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. சாமிப் படங்கள்கூட அலமாரித் தட்டில் சாய்ந்தபடிதான் நின்றன.

காரணம் உண்டு. 1991இல் ரொறன்ரோவில் வந்து இறங்கியபின் பதின்மூன்று ஆண்டுகள் ஸ்காபறோவின் பேஸ்மன்ட் வாடகை வீடுகளில் கழிந்தன. நான்கு வீடுகள், நான்கு வீட்டுக்காரர்கள், நால்வரும் நம்மவர்களே. எல்லோரும் சொன்ன முதல் விதி, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இரண்டாவது விதி, மீன் பொரிக்கக் கூடாது. இரண்டாவதை அவ்வப்போது மீறினோம். முதலாவதை ஒருநாளும் மீறவில்லை. அந்தப் பழக்கம் ஏஜாக்ஸில் சொந்த வீடு வந்த பிறகும் கையை விட்டுப் போகவில்லை.

என்னை ஏணியில் ஏற்றியது ஒரு விளையாட்டுக் கோச்சி. புகைவண்டியை யாழ்ப்பாணத்தில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, பள்ளித் தோழி வீட்டில் நத்தார் மரத்தின் கீழே ரயில் ஓடுகிறது என்று வந்து சொன்னாள். நாங்கள் சைவக் குடும்பம். ஆனாலும் டிசம்பரில் மரம் வைக்காத வீட்டுப் பிள்ளை இந்த ஊர் வகுப்பறையில் எதைப் பேசும்? ஒரு வீட்டு முற்றத்து விற்பனையில் இருபது டொலருக்கு ஒரு பெட்டி கிடைத்தது: எச்.ஓ. அளவு, அதாவது உண்மை வண்டியின் 87இல் ஒரு பங்கு. எஞ்சின் ஒன்று, பெட்டிகள் நான்கு, வட்டத் தண்டவாளம். மூன்றாம் நத்தாருக்குள் மகளுக்கு அது சலித்துவிட்டது. எனக்குச் சலிக்கவில்லை. வட்டம் எட்டடிக்கு நாலடிப் பலகையாக வளர்ந்தது. சுரங்கம் வந்தது, பனி மூடிய கிராமம் வந்தது, கோபுரம் வைத்த தேவாலயம் வந்தது, நிலையமும் வந்தது. மகள் நிலையத்துப் பெயர்ப்பலகையில் 'கொடிகாமம்' என்று எழுதிக் கொடுத்தாள். அது யாழ்ப்பாணப் பாதையில் உள்ள ஒரு நிலையம். பனி கொட்டும் கொடிகாமம்!

இந்தப் பித்துக்குப் பொறுப்பாளி என் அப்பா. சிறுவயதில் என்னைச் சைக்கிளில் யாழ்ப்பாண நிலையத்துக்குக் கூட்டிப்போய் எஞ்சின் காட்டுவார். இலங்கை ரயில்வேயின் முதல் எம்2 வகை டீசல் எஞ்சின்கள், 1954இல் கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்தவை. சிலவற்றுக்குக் கனடா மாகாணங்களின் பெயர்கள். அப்படி ஒன்றின் பக்கத்தில் எழுதியிருந்த 'ஒன்ராறியோ'வை எழுத்துக்கூட்டி வாசித்து, எஞ்சினைச் செய்தவரின் பெயராக்கும் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அவை செய்யப்பட்ட தொழிற்சாலை இந்த ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில் இருந்தது. என் வீட்டிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம்.

இடையில் ஒரு குறை, நுணுக்கம் பார்ப்பவர்களுக்காக. இலங்கைத் தண்டவாளத்தின் அகலம் 1,676 மில்லிமீட்டர், கனடாவில் 1,435. என் 16.5 மில்லிமீட்டர்ப் பாதை கனடா அகலத்துக்குத்தான் பொருந்தும். எங்கள் ஊர் வண்டியை அதே அளவில் செய்தால் சக்கரங்கள் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் வெளியே தொங்கும். கொடிகாமத்துக்கு வருவது அதனால் கனடா வண்டிதான்.

சிக்கல், பொங்கல் முடிந்த பிறகு தொடங்கும். இந்த நாட்டில் ஆண்டின் ஒரு பாதிக்கு வேண்டியதை மறுபாதியில் எங்காவது ஒளித்துவைக்க வேண்டும். பனி அள்ளும் சவள், உப்பு மூட்டை, நான்கு பனிக்கால டயர்கள், புல்வெட்டி, சைக்கிள்கள் எல்லாம் கராஜில். இவற்றோடு எட்டடிப் பலகையும் சேர்ந்ததும் காருக்கு இடமில்லை. "கோச்சி உள்ளே சொகுசாக இருக்கிறது, கார் வெளியே பனியில் நிற்கிறது. காலையில் கண்ணாடியைச் சுரண்டுவது நான்" என்றாள் மனைவி. நியாயமான வழக்கு. ஊரில் என்றால் பரணில் ஏற்றியிருப்போம். பனங்குற்றியில் வைத்த பரண் நெல் மூட்டையையே தாங்கும். இங்கே கராஜ் கூரையில் தொங்கவிட்டால்?

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற போர்த்துகீசத் தச்சர். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே தரம், அதனால் தடங்கலின்றிப் பேசிக்கொள்வோம். கராஜுக்குள் வந்தவர் ஒன்றும் கேட்காமல் ஏணியில் ஏறி, பலாப்பழம் பார்ப்பதுபோல விரல்முட்டியால் கூரையைத் தட்டிக்கொண்டே போனார். டொம், டொம், டக். 'டக்' கேட்ட இடத்தில் பென்சில் கோடு. இரண்டடிக்கு ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோடுகளுக்கு மேலேதான் கூரைச் சட்டங்கள் இருந்தன. கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை நாற்பது டொலர் கொடுத்து வாங்கி வைத்திருந்தேன். அதை நான் அவரிடம் காட்டவில்லை.

பிறகு பயமுறுத்தினார். இந்தச் சட்டங்கள் தளம் தாங்கச் செய்தவை அல்ல, கூரைப் பலகையையும் வெப்பக்காப்புப் பஞ்சையும் பிடித்திருக்கத்தான் செய்தவை. 'இரண்டுக்கு நான்கு' என்று விற்கும் மரம் உண்மையில் ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரை. அதில் நடுவே ஒரே இடத்தில் பாரத்தைத் தொங்கவிட்டால் கூரையே வளையும். ஆகவே பாரத்தைக் குறை, பிறகு பரவவிடு, சுவரோரமாக வை என்றார்.

குறைப்பது பெரிய வேலையாகப் போயிற்று. முக்கால் அங்குல ஒட்டுப்பலகை மட்டுமே அறுபது இறாத்தலுக்கு மேல். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, மெல்லிய மரச்சட்டம் அடித்து, இரண்டு அங்குலத் தடிப்புள்ள வெப்பக்காப்பு நுரைப்பலகையை அதன்மேல் ஒட்டினேன். நுரைப்பலகை பத்து இறாத்தல்கூட இல்லை. ஒட்டும் பசையைப் பார்த்து வாங்க வேண்டும், சில பசைகள் நுரையைத் தின்று குழியாக்கிவிடும். என் முதல் மலை அப்படித்தான் பள்ளத்தாக்கானது.

பரவவிடுவதற்கு, எட்டடி நீளக் கட்டைகள் இரண்டைச் சட்டங்களுக்குக் குறுக்கே வைத்தோம். ஒவ்வொரு கட்டையும் ஐந்து சட்டங்களைத் தொடும், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு தடித்த திருகாணி. ஆக இருபது துளைகள். ஒன்றுகூட இடாதவனுக்கு இருபது! நான் ஏணியில் உறைந்து நின்றது அப்போதுதான். கிழவர் கீழே நின்று, "வீடு யாருடையது?" என்று கேட்டார். வங்கியுடையது என்றேன். "வங்கி மேலே ஏறிப் பார்க்காது" என்றார். அழுத்தினேன். வெள்ளைத் தூள் கண்ணில் கொட்டியது, பிறகு மரவாசனை வந்தது. இருபதாவது துளைக்குள் எனக்கு அது பிடித்துப்போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும்.

கட்டைகளில் நான்கு கப்பிகள், சுவரில் கையால் சுற்றும் ஒரு உருளை. கிணற்றுக் கப்பியில் வளர்ந்தவனுக்கு இது எம்மாத்திரம் என்று, கயிற்றை மட்டும் அவரைக் கேட்காமல் நானே தேர்ந்தேன்: துணி காயப்போடும் நைலோன் கயிறு. நைலோன் இழுபடும். நான்கும் ஒரே அளவில் இழுபடுவதும் இல்லை. மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு மூலை சரிந்து, கிராமம் முழுவதும் கொடிகாமத்தில் குவிந்து கிடந்தது. தேவாலயக் கோபுரம் காரின் மேல். கம்பிவடத்துக்கு மாறினேன். கிழவர் அதுவும் போதாது என்று நான்கு மூலைக்கும் சங்கிலியும் கொக்கியும் போடச் செய்தார். கயிறு தூக்குவதற்கு, சங்கிலி தாங்குவதற்கு. சங்கிலி மாட்டாமல் அதன் கீழே யாரும் நிற்கக் கூடாது. கராஜ் கதவைத் திறந்துவைத்து அளந்தாயா என்றும் கேட்டார். மூடிவைத்துத்தான் அளந்திருந்தேன். கதவு திறக்கும்போது கூரையோடு உள்ளே ஓடிவரும். பரணைப் பின்சுவர்ப் பக்கமாக ஓரடி தள்ளி வைத்தோம், இருபது துளைகளில் எட்டை அடைத்து மறுபடி துளைத்து.

எஞ்சினும் மின்பெட்டியும் வீட்டுக்குள்ளே இருக்கின்றன. கராஜ் குளிரில் கிடந்ததை அப்படியே சூட்டுக்குள் கொண்டுவந்தால் இரும்பு வியர்க்கும். மற்றொரு பாடத்தை எலிகள் சொல்லித்தந்தன. தண்டவாளச் சரளைக்கு நான் போட்டிருந்தது சாயம் கலந்த ரவை. பெப்ரவரியில் ஏற்றியது நவம்பரில் சரளை இல்லாமல் இறங்கியது. இப்போது மணல்.

தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னேன். அது 2010. எங்கள் பாதையில் 1990இல் நின்ற வண்டி அப்போதும் வரவில்லை. சிலிப்பர் கட்டைகள் எப்போதோ பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. "தம்பி, இங்கே தண்டவாளமே இல்லை. நீ அங்கே கோச்சியைக் கூரையில் கட்டித் தொங்கவிடுகிறாயா?" என்று கேட்டுவிட்டு நெடுநேரம் சிரித்தார். 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு மறுபடியும் வண்டி ஓடியபோது, அவரே கூப்பிட்டு, "இனி நீ இறக்கலாம்" என்றார்.

பரண் ஏறிய அன்று மாலை, கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மனைவி நல்லூர் முருகன் படத்தோடு வந்து நின்றாள். கூடத்துச் சுவரில் ஓர் இடத்தைக் காட்டினாள். அங்கே மங்கிப்போன ஒரு பென்சில் புள்ளி இருந்தது. வீட்டுக்கு வந்த வாரமே வைத்த புள்ளி என்றாள்.

"அதன் பின்னால் கட்டை இருக்காது" என்றேன்.

"தட்டிப் பாருங்கள்" என்றாள்.

தட்டினேன். இரண்டு அங்குலம் இடப்பக்கம் இருந்தது.