டேங்க் ரோடு கோயிலுக்கு நேதாஜியோடு வந்தவர்

நாங்கள் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார். போன மாதம் எங்கள் வீட்டுப் படைப்புக்காக, முன்னோருக்குப் படையல் வைக்க, காரைக்குடி பக்கத்தில் இருக்கும் ஊருக்குப் போயிருந்தேன். வருடத்துக்கு ஒரு தடவை பங்காளிகள் கூடுவதால் இரவு பட்டாலையில் பாய் விரித்துப் படுத்தபடி ஆளுக்கு ஒரு பர்மாக் கதை சொல்வார்கள். இந்தத் தூண் மோல்மீனிலிருந்து வந்தது, அந்தக் கடைக் கணக்கில் இத்தனை லட்சம் போனது, பெகுவில் விட்டுவந்த நெல்வயல் இத்தனை ஏக்கர். எங்கள் வீட்டில் இரண்டாம் உலகப்போர் என்றாலே அது ஒரு வராக்கடன் பேரேடுதான்.

அந்த வரிசையில் பெரியப்பச்சி (பெரியப்பா) தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. "சிங்கப்பூர்ல நேதாஜியே நம்ம கோயிலுக்கு வந்தாரப்பா, நம்மாளுங்க அள்ளிக் குடுத்தாங்க." சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். வந்தது உண்மை, கொடுத்ததும் உண்மை. ஆனால் அவர் முதலில் வரமாட்டேன் என்று சொன்னதும், பிறகு வந்தபோது பக்கத்தில் யாரை அழைத்து வந்தார் என்பதும் அந்தக் கதையில் இருப்பதே இல்லை. அந்த இன்னொரு ஆளைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஆபித் ஹசன். ஐதராபாத்காரர், பெர்லினில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தார். அங்கே வந்து சேர்ந்த சுபாஷ் சந்திர போஸிடம் செயலாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் ஒட்டிக்கொண்டார், படிப்பு அத்தோடு போச்சு. வட ஆப்பிரிக்காவில் ஜெர்மானியர்களிடம் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களை வைத்து அங்கே ஒரு படை திரட்டினார்கள். அதில் ஒருவர் ராம் ராம் என்பார், ஒருவர் சத் ஸ்ரீ அகால் என்பார், ஒருவர் சலாம் என்பார். எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் வேண்டியிருந்தது. 'ஜெய் ஹிந்த்' அப்படிப் பிறந்ததுதான், அதை உருவாக்கியவர் ஹசன் என்றே பரவலாகச் சொல்கிறார்கள். இன்றைக்கு அரசியல்வாதிகள் பேச்சை முடிக்கும்போது கத்துகிற அதே ஜெய் ஹிந்த்.

1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்திலிருந்து யு-180 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலில் போஸ் ஜப்பானுக்குக் கிளம்பினார். கூடப் போன ஒரே இந்தியர் ஹசன்தான். உள்ளே எங்கு திரும்பினாலும் டீசல் நாற்றம், ரொட்டியிலும் டீசல் நாற்றம், சாப்பாடு முழுக்க ஜெர்மன் மாலுமிகளுக்கானது. ஹசன் சாமான் அறையைக் குடைந்து கொஞ்சம் அரிசியும் பருப்பும் கண்டுபிடித்து போஸுக்குக் கிச்சடி செய்து கொடுத்தாராம். போஸ் என்ன செய்தார், கப்பல் அதிகாரிகளையும் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். இருக்கிற அரிசி ஊர் போய்ச் சேரும்வரை தாங்குமா என்று ஹசனுக்குக் கவலை. கூட்டுக்குடும்பத்தில் அடுப்படி பார்த்த எந்த ஆச்சிக்கும் அந்தக் கவலை புரியும். சமையல் போக மற்ற நேரமெல்லாம் போஸ் சொல்லச் சொல்ல எழுதுகிற வேலை, ஜப்பான் பிரதமர் டோஜோவிடம் என்ன பேசுவது என்று ஒத்திகை. ஒரு சமயம் எதிரிக் கப்பல் ஒன்று இடிக்கிற மாதிரி நெருங்கிவர, உள்ளே எல்லோருக்கும் உயிர் கையில் இல்லை. போஸ் மட்டும், ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்லிவிட்டேன், நீ இன்னும் எழுதவில்லையே என்று இவரைக் கேட்டாராம்.

ஏப்ரல் 28, மடகாஸ்கருக்கு அப்பால் நடுக்கடல். ஜப்பானின் ஐ-29 நீர்மூழ்கி வந்து காத்திருக்க, கொந்தளிக்கிற அலையில் ஒரு ரப்பர் படகில் இரண்டு பேரும் இக்கப்பலிலிருந்து அக்கப்பலுக்கு மாறினார்கள். அதே இடத்தில் ஜப்பான்காரர்கள் ஜெர்மனிக்குச் சுமார் 2 டன் தங்கமும் கொடுத்தனுப்பினார்கள். (இதை அன்று இரவு நான் சொன்னபோது பட்டாலையில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து உட்கார்ந்தார்கள். சாதிப் புத்தி.)

சரி, சிங்கப்பூர் டேங்க் ரோட்டுக்கு வருவோம். அங்கே இருக்கும் தெண்டாயுதபாணி கோயில் 1859இல் நகரத்தார் கட்டியது, சிங்கப்பூரில் இன்றும் செட்டியார் கோயில் என்றால்தான் தெரியும். 1943இல் போஸ் சிங்கப்பூர் வந்த பிறகு கோயில்காரர்கள் போய் அழைத்தார்கள். எல்லாச் சாதிக்காரரும் எல்லா மதத்தாரும் நுழைய முடியாத இடத்துக்கு நான் வருவதற்கில்லை என்று அவர் மறுத்துவிட்டார். பிறகு இவர்கள் இறங்கிவந்து, எல்லோருக்கும் கதவு திறந்த ஒரு கூட்டமாக வைக்கிறோம் என்று ஒத்துக்கொண்ட பின்தான் வந்தார். ஒரு பக்கம் ஆபித் ஹசன், இன்னொரு பக்கம் முகமது ஜமான் கியானி, இருவரும் முஸ்லிம் அதிகாரிகள். பிரகாரம் நிறையப் படை உடுப்பும், நம்மூர் முஸ்லிம்களின் கறுப்புத் தொப்பியுமாக இருந்ததாம். உள்ளே வரத் தயங்கித் தயங்கித்தான் வந்தார் ஹசன். குருக்கள் எல்லோருக்கும் நெற்றியில் பொட்டு வைத்தார். வெளியே வந்ததும் போஸ் தன் பொட்டைத் துடைத்துக்கொண்டார், மற்றவர்களும் அப்படியே.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. 1944இல் இம்பால் சண்டைக்குப் போன படையில் ஹசனும் இருந்தார். போஸ் தலைமையிலான இந்திய தேசிய இராணுவத்தின் காந்தி படைப்பிரிவு, பர்மா-மணிப்பூர் எல்லையில் இருக்கும் தம்மு, பலேல் பக்கம் நின்றது. மே மாதம் பலேல் விமானத்தளத்தைத் தாக்கிப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது, அரிசி வரவில்லை, மலேரியா, வயிற்றுப்போக்கு. ஜூலையில் பின்வாங்கச் சொல்லி உத்தரவு. குண்டில் செத்ததைவிடப் பசியிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள்தான் வழியெல்லாம். பலூச்சி, அசாமி, மலையாளி, சீக்கியர், பட்டாணியர் என்று சின்னச் சின்னக் குழுவில்கூட எல்லோரும் கலந்தே இருந்ததை ஹசன் பின்னாளில் எழுதினார். ஜெயித்ததைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, கூட நடந்தவர்களைப் பற்றி எழுதினார்.

தம்மு என்ற பெயர் எனக்குப் புதிதில்லை. எங்கள் ஐயா (தாத்தா) பெகுவில் ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளாக, இருந்தவர். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது, 1942இல் கலேவா, தம்மு, பலேல் என்று நடந்தே இம்பால் வந்து, டிமாப்பூரில் ரயிலேறினார். அதே பாதையில்தான் இரண்டு வருடம் கழித்து ஹசனும் அவர் ஆட்களும் போய்விட்டுத் திரும்பினார்கள். ஐயா அந்த நடையைப் பற்றி வாயே திறந்ததில்லை. ஆனால் மழை பெய்தால் திண்ணை ஓரத்தில் நின்று, வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கி, கெண்டைக்காலைச் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் முகப்புக்குள் ஏறுவார். அட்டை இருக்கிறதா என்று. எங்கள் பொட்டல் காட்டில் ஏது அட்டை? அவர் போகும் வரைக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை.

1945 ஆகஸ்டில் போஸுடன் சைகோன் வரை போனவர்களில் ஹசனும் ஒருவர். விமானத்தில் இடம் இன்னும் ஒருவருக்குத்தான் என்று ஹபிபுர் ரஹ்மான் என்ற அதிகாரியை மட்டும் ஏற்றிக்கொண்டார்கள், மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். ஹசன் சிறைக்குப் போய் வந்தார். இந்திய தேசிய இராணுவத்தாரைச் சுதந்திர இந்தியாவின் ராணுவம் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. இவருக்கு வெளியுறவுத் துறையில் வேலை கிடைத்தது, டென்மார்க் தூதர் வரை போனார். 1984இல் காலமானார்.

இவ்வளவையும் அன்று இரவு பெரியப்பச்சியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே கேள்வி: "வச்ச பொட்ட ஏன்டா துடைச்சாரு?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவரே கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, அவரு வேலை அப்படி, நாலு பேரையும் கூட்டிட்டுப் போகணும்ல" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் இரண்டாம் பந்தியில் கவுனி அரிசி பரிமாறிக்கொண்டிருந்தபோது, சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவருக்குப் பெரியப்பச்சி நேதாஜி கதை சொல்வது காதில் விழுந்தது. கிச்சடி வந்துவிட்டது, ஐதராபாத் பையன் வந்துவிட்டான், 2 டன் தங்கம் 20 டன் ஆகியிருந்தது. முதலில் வரமாட்டேன் என்று சொன்னது மட்டும் இன்னும் வரவில்லை.