கச்சான் காற்றும் காஜலும்

நாலு மணிக்கு உதைபந்தாட்ட இறுதிப் போட்டி என்று மைக்கில் சொன்னால், இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் அது ஐந்தேகாலுக்குத் தொடங்கும். விளக்கேற்ற வேண்டும், கொடியேற்ற வேண்டும், பிரதம விருந்தினர் பேச வேண்டும், பிறகு அவர் பேசியதையே சிறப்பு விருந்தினர் இன்னொருமுறை பேச வேண்டும். மூன்றரைக்கே வந்து இடம் பிடித்த பெண்ணின் முகத்தில் இருக்கிற எதுவும், பந்து உருள முதலே ஒன்றேமுக்கால் மணி நேர வெயிலைத் தாங்கியாக வேண்டும்.

ஆகவே போட்டி பார்க்க அலங்கரித்துக்கொண்டு வருகிறவர்கள் சன் கிறீமைத் திறக்க முதல் திசையைப் பாருங்கள். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று மேற்குப் பக்கத்தால் அடிக்கும். பின்னேர வெயிலும் மேற்கேதான். மைதானத்தின் மேற்கு ஓரத்தில் இருந்தால் இரண்டும் முதுகோடு போய்விடும். கிழக்கு ஓரத்தில் இருந்தால் இருபத்திரண்டு பேர் உதைத்துக் கிளப்புகிற புழுதி நேரே வாய்க்குள். மேற்கு ஓரத்தில் வேம்போ புளியோ நின்றால் அடிமரத்தில் சாய்ந்து இருக்க ஆசை வரும். வேண்டாம், மைதானப் பக்கமாக நாலைந்து அடி தள்ளிப் பாயை விரியுங்கள். பொழுது சாயச் சாய நிழல் கிழக்கே நீண்டு தானாக உங்களிடம் வரும். மரத்துக்குப் பின்னால் இருந்தவர்கள் அரைமணிக்கு ஒருமுறை பாயைத் தூக்கிக்கொண்டு திரிவார்கள்.

பள்ளிக்கூட இல்லங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் (தடகள) போட்டிகள் வருகிற தை, மாசியில் கணக்கு மாறும். அப்போது வாடை, வடகிழக்கிலிருந்து. வெயில் ஒரு பக்கம், காற்று மறுபக்கம். காற்றுக்கே முதுகைக் காட்டுங்கள். வெயிலுக்குத் தொப்பி உண்டு, புழுதிக்கு ஒன்றும் இல்லை. குடை விரிக்கலாமே என்றால், முன்வரிசையில் குடை விரித்தவளின் பரம்பரையைப் பின்வரிசை அண்ணாமார் விசாரிக்கத் தொடங்க இரண்டு நிமிடம் போதும். "தங்கச்சி, குடையை மடக்குங்கோ, கோர்ணர் அடிக்கப் போறான்!"

இனி முகம். சன் கிறீமில் எஸ்.பி.எவ். 30 என்பது தோலைச் சுடுகிற கதிரில் ஏறத்தாழ 97 வீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. அந்த ஒரு வீதத்துக்காகக் கடைக்காரரோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. பிழை நடப்பது அளவில்தான். பெரும்பாலானோர் கடலைப் பருப்பளவு எடுத்து முகம், கழுத்து, காது எல்லாவற்றுக்கும் பங்கு வைப்பார்கள். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டிலும் நுனியிலிருந்து அடிவரை ஒவ்வொரு கோடு பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். வெளிக்கிட இருபது நிமிடம் முன்பே பூசி, ஊற விடுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும்; அதாவது ஏறத்தாழ ஆட்டம் தொடங்குகிற நேரத்தில். அப்போது முகத்தில் இருப்பது வேர்வையும் புழுதியும் குழைந்த சேறு. அதன் மேல் கிறீமை வைத்துத் தேய்த்தால் அரத்தாள் பிடித்தது மாதிரி. நனைத்த கைலேஞ்சியால் ஒற்றி எடுத்து, காயவிட்டு, பிறகு பூசுங்கள்.

துத்தநாகம் சேர்ந்த கிறீம் கொஞ்சம் வெள்ளை படியும். அதன் மேல் வழக்கம் போல ஒரு பிடி பவுடரை அப்பிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. முதல் பத்து நிமிடம் மாப் பானைக்குள் முகம் கொடுத்தவர் மாதிரி இருப்பார்கள். பிறகு வேர்வை இறங்கத் தொடங்கும்: நெற்றி இரணைமடுக் குளம், கன்னம் இரண்டும் சிறுபோக நெல்லுக்குத் திறந்துவிட்ட வாய்க்கால். பவுடர் வேண்டுமென்றால் மூக்கு, நாடி, கண்ணுக்குக் கீழே மூன்று இடத்தில் மட்டும் ஒற்றினால் போதும்.

கண்ணுக்குக் கீழே ஒற்றச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீருக்கு அழியாது என்று எழுதிய காஜல் தண்ணீருக்குத்தான் அழியாது, எண்ணெய்க்குக் கரையும். சன் கிறீமில் இருப்பது எண்ணெய். அது பவுடர் ஒற்றாமல் கீழ் இமையில் தடிப்பாகக் கிடந்தால், பெனால்டி வருவதற்குள் காஜல் கன்னத்துக்கு வந்துவிடும். தோற்ற அணிக்காக அழுத மாதிரி இருக்கும், வென்ற அணியின் ஆளாக இருந்தாலும். மேல் இமையில் மட்டும் மெல்லிய கோடாக இழுப்பதே பாதுகாப்பு. கொன்ரக்ற் லென்ஸ் போடுகிறவர்கள் அன்றைக்குக் கண்ணாடியோடு வாருங்கள். கண்ணில் மண் விழுந்தால் கசக்காமல், குடிக்கிற தண்ணீரால் கழுவ வேண்டும்.

உதட்டுக்கு மினுமினுக்கிற கிளொஸ் வன்னிக்கு ஆகாது. ஒட்டுகிற எதிலும் புழுதி ஒட்டும். மங்கலான, காய்ந்துபோகிற லிப்ஸ்டிக் சரி, அடியில் வெயில் தடுக்கிற லிப் பாம் மெல்லிதாக. ஆனால் கச்சான் கடலை விற்கிற ஐயா கடதாசிச் சுருளை நீட்டிக்கொண்டு வந்து நின்றபின் எந்த லிப்ஸ்டிக்குக்கும் உத்தரவாதம் இல்லை. உப்பும் கோதும் பட்டு ஒரு சுருள் முடிவதற்குள் உதட்டில் ஓரக்கோடு மட்டும் மிஞ்சும்.

மின்னொளியில் கரப்பந்தாட்டம் (வொலிபோல்) பார்க்கப் போகிறவர்களுக்கு வேறு தொல்லை. 1991இல் கரப்பந்தாட்டம் இலங்கையின் தேசிய விளையாட்டாகிவிட்டது. ஈசலுக்கும் அது தெரியும் போல. முதல் மழை விழுந்து ஈசல் கிளம்பிய இரவில் லைற் போஸ்ற்றுக்குக் கீழே கிளொஸ் பூசிக்கொண்டு இருந்தால், இரண்டாவது செற்றில் உதட்டில் சிறகு முளைத்திருக்கும். தூணிலிருந்து பத்தடி தள்ளி இருங்கள். கை, காலுக்கு முதலில் சாதாரண கிறீம், அதன் மேல் நுளம்பு மருந்து.

தலைமுடியைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காலையில் தேங்காயெண்ணெய் தடவி வாரிக்கொண்டு வந்தால் கிரவல் ரோட்டுப் புழுதி முழுவதும் தலையில் வந்து குடியேறும். எண்ணெய் முதல்நாள் இரவு, காலையில் முழுக்கு. கிணற்றுத் தண்ணீர் வன்தண்ணீர் என்றால் சவர்க்காரம் நுரைக்காது, முடியும் தும்புக்கட்டை மாதிரி நிற்கும். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு விட்டுக் கடைசியாக அலசி, வெறும் தண்ணீரில் கழுவினால் இளகும். கண்ணில் படாமல் பாருங்கள்.

விரித்த முடி கச்சான் காற்றுக்கு ஆகாது என்பது தெரிந்ததே. உச்சிக் கொண்டை அதைவிட மோசம். ஹெல்மெட் கொண்டையில் ஏறி நிற்கும், நாடிப் பட்டி பிடிக்காது, மோட்டார் சைக்கிளின் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். பிடரிக்குக் கீழே தொடங்குகிற ஒற்றைப் பின்னல் அல்லது இரட்டைப் பின்னல், உள்ளே இரும்புக் கிளிப் இல்லாமல். இன்னொன்று: ஹெல்மெட்டின் உள்பஞ்சு நெற்றியில் பூசிய கிறீமைத் துடைத்து எடுத்துவிடும். மைதானத்துக்கு வந்ததும் நெற்றிக்கு மட்டும் திரும்பப் பூசுங்கள். ஸ்டிக்கர் பொட்டையும் அங்கே வந்தே ஒட்டுங்கள். கிறீமில் ஒட்டாத பொட்டு பஞ்சில் நன்றாக ஒட்டும். அடுத்தநாள் காலையில் அதே ஹெல்மெட்டோடு வேலைக்குப் போன தம்பியிடம் "என்னடா, நெத்தியில?" என்று பத்துப் பேர் கேட்பார்கள்.

உடுப்பில் சொல்ல அதிகமில்லை. பருத்தி. ஜோர்ஜெற் சோல் என்றால் மோட்டார் சைக்கிளில் ஏற முதலே இரண்டு நுனியையும் முன்னால் முடிச்சுப் போடுங்கள், பின்சில்லு அதை இழுத்தால் விளையாட்டல்ல. மெல்லிய ரப்பர் செருப்பை நெருஞ்சி முள் துளைத்துக்கொண்டு வரும். முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்க மணலில் குதிக்கால் உயர்ந்த செருப்பு நங்கூரம். பின்பட்டி வைத்த, அடி தடித்த செருப்பே எங்கும் உதவும். தொங்கட்டானை வீட்டில் வையுங்கள். கோல் விழுந்து துள்ளும்போது சோலில் கொளுவிக் காதைக் கிழிக்கும். வலைப்பந்தாட்டத்தில் விளையாடுகிறவளுக்கு நகை கூடாது, நகம் குட்டையாக இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. பார்க்க வந்தவள் பாதி நகைக்கடையோடு வருகிறாள்.

ஜம்ப்சூட் போட நினைப்பவர்கள் முதலில் மைதானத்தில் கழிப்பறை எங்கே என்று விசாரியுங்கள். பெரும்பாலும் பதில், "பக்கத்து வீட்டு அன்ரியைக் கேளுங்கோ" என்பதாக இருக்கும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து தலைசுற்றி விழாதீர்கள். போத்தல் ஒரு லீற்றராவது வேண்டும்.

இல்ல நிறம் காட்டுவது தனிக் கலை. கிறேப் பேப்பரைக் கையிலும் தலையிலும் கட்டாதீர்கள், வேர்வையில் சாயம் இறங்கும். நீல இல்லத்துப் பிள்ளை இரண்டு நாள் நீலக் காதோடு பள்ளிக்கூடம் போவாள். அதே நிறத்தில் துணி ரிபன் மலிவு. கன்னத்தில் இல்லத்தின் எழுத்தை எழுத மார்க்கர் பேனையும் போஸ்டர் கலரும் வேண்டாம். முகத்துக்கென்றே விற்கிற சாயத்தை முதல்நாள் முழங்கை மடிப்பில் தடவிப் பார்த்து, கடிக்கவில்லை என்றால் மட்டும், சன் கிறீம் காய்ந்தபின் எழுதுங்கள். அழிக்கத் தேங்காயெண்ணெய், பிறகு சவர்க்காரம்.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளை ரீசேர்ட்டில் செம்புழுதியைக் கண்டு பதறி உடனே தண்ணீரில் போட்டால் சேறு நூலுக்குள் இறங்கும். காயவிட்டு, உதறி, தூரிகையால் தட்டி, பிறகு சவர்க்காரம். கழுத்துப் பட்டியில் மஞ்சளாக, துரு மாதிரி ஒன்று படிந்திருந்தால் அது புழுதி அல்ல. சில சன் கிறீம்களில் உள்ள அவோபென்சோன், இரும்பு கலந்த கிணற்றுத் தண்ணீரோடு சேர்ந்து விடுகிற கறை அது. வெளுக்கிற குளோரினைக் கொட்டினால் இன்னும் கருகிப் பிடிக்கும். தேசிக்காய்ச் சாறும் உப்பும் தடவி ஒரு மணி நேரம் விட்டு அலசுங்கள்; இது வெள்ளைத் துணிக்கு மட்டும். அதற்கும் போகவில்லை என்றால் அந்த ரீசேர்ட்டை அடுத்த இறுதிப் போட்டிக்கென்றே எடுத்து வையுங்கள். எப்படியும் ஐந்தேகாலுக்குத்தான் தொடங்கும்.