நோட்டின் பின்பக்கக் கணக்கு

எங்கள் பட்டறையில் ஒரு நீள நோட்டு தொங்குகிறது. அரிவாள், கத்தி செய்கிற இடங்களில் வாங்குகிறவர் பெயரையும் முகவரியையும் எழுதி வைக்க வேண்டும் என்று 2021-இல் காவல்துறை சொன்னபோது வாங்கியது. முன்பக்கம் அதற்குத்தான். பின்பக்கத்தைத் திருப்பி நான் வேறொரு கணக்கு எழுத ஆரம்பித்தேன். அதற்குக் காரணம் ஒரு டீச்சர் அக்கா.

காய்கறி நறுக்க ஏழு இஞ்சில் ஒரு கத்தி வேண்டும் என்று வந்தார். 900 ரூபாய் என்றேன். "ஏன் தம்பி, ஆன்லைன்ல 150 ரூபாய்க்கு மூணு கத்தி தர்றான். நீங்க இதுக்கு அப்படி எவ்வளவு நேரம்தான் வேலை பாக்குறீங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் வாங்காமல் போனதைவிட அதுதான் உறுத்தியது. ஏனென்றால் நான் நேரத்தை எண்ணியே சம்பளம் வாங்கியவன்.

கோயம்புத்தூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் பதினோரு வருஷம் இருந்தேன். முதலில் லேத், பிறகு தரப் பரிசோதனை. அங்கே ஒவ்வொன்றுக்கும் 'சைக்கிள் டைம்' உண்டு. புஷ் என்கிற ஒரு சின்ன உலோக வளையத்தைக் கடைய 48 விநாடி என்றால் 48 விநாடிதான். 52 ஆனால் சூப்பர்வைசர் பின்னால் வந்து நிற்பார். 2020-இல் கொரோனா வந்து ஆர்டர் நின்றது, ஆள் குறைத்தார்கள், ஊருக்கு வந்துவிட்டேன். மதுரையிலிருந்து மானாமதுரை போகிற வழியில், திருப்பாச்சேத்திக்குப் பக்கம் எங்கள் ஊர். அந்தப் பெயரைச் சொன்னால் "அரிவாளா?" என்று கேட்காத ஆள் தமிழ்நாட்டில் குறைவு. ஒரு மாதம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவிடம் சம்மட்டி அடித்துக்கொண்டிருந்த அண்ணன் திருப்பூருக்குப் போய்விட்டார். சரி, ஆள் கிடைக்கிற வரை நாம் அடிப்போம் என்று உள்ளே போனேன். ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

டீச்சர் வந்துபோன மறுநாள் செல்போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்து வைத்துக்கொண்டேன். அப்பா ஒரு பார்வை பார்த்தார். "என்னடா, ஓட்டப்பந்தயமா?"

உலை மூட்டுவதற்கே 25 நிமிடம் ஆனது. எங்கள் உலைக்குச் சீமைக்கருவேலக் கரி. எங்கள் சீமையில் எல்லோரும் திட்டுகிற மரம், எங்களுக்கு மட்டும் சோறு. இரும்பு என்றால் பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை. எடைக்குத்தான் வாங்குவோம். நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேலே கரி கலந்த எஃகு அது. கட்டடத்துக்குப் போடுகிற கம்பியில் அவ்வளவு கரி கிடையாது. அதை எத்தனை தடவை காய்ச்சி முக்கினாலும் வெட்டுவாய் நிற்காது. பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, உளி வைத்து வேண்டிய அளவு துண்டு போட இன்னொரு 20 நிமிடம்.

அப்புறம்தான் அடிக்கிற வேலை. துண்டு செம்மஞ்சள் நிறத்துக்கு வந்ததும் அப்பா குறட்டால் எடுத்துப் பட்டடைக்கல்லில் வைப்பார். கைச்சுத்தியலால் ஓரிடத்தில் 'டிங்' என்று தட்டுவார். அதே இடத்தில் நான் சம்மட்டியை இறக்க வேண்டும். அவர் மெல்லத் தட்டினால் நானும் மெல்ல அடிக்க வேண்டும், ஓங்கித் தட்டினால் ஓங்கி. இரும்பை விட்டுவிட்டு வெறும் கல்லில் ஒரு தட்டு தட்டினால், நிறுத்து என்று அர்த்தம். வாயைத் திறக்கவே மாட்டார். இருபது விநாடியில் நிறம் கருஞ்சிவப்புக்கு இறங்கிவிடும். அதற்கு மேலும் அடித்தால் எஃகு விரிசல் விடும், அதனால் திரும்பவும் உலைக்கு. அவசரப்பட்டுக் காற்றைக் கூட்டி வெள்ளையாகக் காய்ச்சினால் மத்தாப்பு மாதிரிப் பொறி பறக்கும். எஃகே எரிகிறது என்று பொருள். அந்தத் துண்டு காயலான் கடைக்குத்தான்.

அன்று ஒரு கத்திக்குப் பதினாறு தடவை காய்ச்சினோம். மொத்தம் 55 நிமிடம். அதில் சுத்தியும் சம்மட்டியும் இரும்பைத் தொட்ட நேரத்தை மட்டும் கூட்டிப் பார்த்தேன். 5 நிமிடம் 20 விநாடி. நான் தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று நினைத்து மறுபடி கூட்டினேன். அதேதான். பட்டறையைப் படம் எடுக்க வருகிறவர்கள் இந்த ஐந்து நிமிடத்தைத்தான் எடுத்துப் போகிறார்கள். பொறி, சத்தம், வியர்வை எல்லாம் அதில் இருக்கிறது. மீதியைப் படம் எடுத்தால் எடுத்தவரே தூங்கிவிடுவார்.

அடித்து முடித்ததும் அப்பா கத்தியைச் சாம்பலுக்குள் புதைத்துவிட்டு டீக்கடைக்குப் போனார். அங்கே கண்மாய்க்குத் தண்ணீர் வருமா வராதா என்று 50 நிமிடம் பேசினார். நான் நோட்டில் 'சும்மா - 50 நிமிடம்' என்று எழுதினேன். சாயங்காலம் அதைப் பார்த்துவிட்டார்.

"அடுப்புல சோறு வேகும்போது உங்கம்மா வாசல் கூட்டுனா, அவ சும்மா இருக்கான்னு எழுதுவியா?"

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சாம்பலில் கிடந்து விடியும் வரை மெள்ள ஆறினால்தான் எஃகு அரத்துக்கு இளகிக் கொடுக்கும். வெளியே போட்டால் காற்றுப்பட்டு இறுகி, அரம் வழுக்கும். அரம் தேய்ந்தால் அதற்கு ஒரு செலவு. அதற்காகக் கண்மாய்ப் பேச்சு முழுவதும் எஃகுக்காகப் பேசியது என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வரியை அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

மறுநாள் அரம். இதுதான் நாளைத் தின்கிற வேலை. வடிவம் எடுத்து, முதுகிலிருந்து விளிம்பு வரை இரண்டு பக்கமும் ஒரே சரிவாக இழைத்துக்கொண்டே வர வேண்டும். விளிம்பை இப்போதே கூராக்கிவிடக் கூடாது, ஒரு நாணயத்தின் கனம் விட்டுவைக்க வேண்டும். மெல்லிசாக இருந்தால் பிறகு காய்ச்சி முக்கும்போது கோணிக்கொள்ளும், இல்லாவிட்டால் கீறல் விடும். 1 மணி 40 நிமிடம். முடிக்கும்போது விரல்களை நீட்ட முடியவில்லை. அப்பாவின் வலது தோள் இடது தோளைவிடக் கீழே இறங்கியிருப்பதை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். சம்மட்டியால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அரத்தால் என்கிறார் அவர்.

துவைச்சல் என்றால் பழுக்கக் காய்ச்சி முக்கி இறுகவைப்பது. எங்கள் பட்டறையில் பகலிலும் அரையிருட்டாக இருக்கும். வசதியில்லாமல்தான் ஜன்னல் வைக்கவில்லை என்று கோயம்புத்தூர் நண்பர்களிடம் வெட்கப்பட்டிருக்கிறேன். வெயிலில் இரும்பின் நிறம் தெரியாது என்பது சம்மட்டி பிடித்த பிறகுதான் புரிந்தது. சூடு 770 டிகிரியைத் தொடும்போது இரும்பு காந்தத்துக்கு ஒட்டாது. நான் ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டி வைத்திருக்கிறேன். ஒட்டாமல் போனதும் இன்னும் கொஞ்சம் காய்ச்சி, வெதுவெதுப்பான எண்ணெயில் முக்குவேன். அப்பாவுக்குக் காந்தம் வேண்டாம், கண் போதும். அவர் விளிம்பை மட்டும் தண்ணீரில் காட்டிவிட்டு எடுத்து, உடைந்த சாணைக்கல்லால் இரண்டு தேய் தேய்ப்பார். முதுகில் தங்கிய சூடு விளிம்பை நோக்கி நகரும்போது, தேய்த்த இடத்தில் நிறம் ஓடும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். காய்கறிக் கத்தி என்றால் வைக்கோல் நிறம் பழுப்பாகத் திரும்பும்போதே தண்ணீரில் போட வேண்டும். மரம் வெட்டுகிற அரிவாள் என்றால் கத்தரிப்பூவைத் தாண்டவிட வேண்டும், இல்லாவிட்டால் கணுவில் பட்டு வாய் உடையும். நிறம் தப்புவதற்கு இரண்டு மூன்று விநாடி போதும். 48 விநாடி புஷ்ஷுக்கு நான் பட்ட பதற்றம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

நான் தனியாகச் செய்த நாலாவது கத்தியை எண்ணெயில் முக்கியபோது 'டிக்' என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். எடுத்துத் துடைத்தால் முடி மாதிரி ஒரு கோடு, விளிம்பிலிருந்து முதுகு வரை. மூன்று மணி நேரத்துக்கு மேல் போட்ட வேலை. அப்பா திட்டவில்லை. மீதியிருந்த பட்டையை எடுத்து மண்ணெண்ணெய் தடவி, கொஞ்சம் பொறுத்து நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்பைப் பூசினார். சிறிது நேரத்தில் வெள்ளையில் ஈரக் கோடு ஒன்று எழும்பி வந்தது. லாரியில் பல வருஷம் பாரம் தாங்கி அசந்துபோன பட்டை, விரிசல் உள்ளேயே இருந்திருக்கிறது. கோயம்புத்தூரில் சிவப்புச் சாயம் தெளித்து, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்து, பழுதைக் கண்டுபிடித்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலையாக இருந்தது. அதற்கு ஒரு சான்றிதழ்கூட வைத்திருக்கிறேன். அதே சோதனை என் வீட்டில் மண்ணெண்ணெய் பாட்டிலாக இருந்தது எனக்குத் தெரியாது. அந்த வருஷம் முப்பது கத்தியில் மூன்று இப்படிப் போயின. அந்த நேரத்தை எந்தக் கத்தியின் கணக்கில் எழுதுவது? கம்பெனியில் 'ரிஜெக்‌ஷன்' என்று ஒரு சதவீதத்தை விலையில் ஏற்றிவிடுவார்கள். இங்கே ஏற்றினால் ஆள் வராது.

துவைச்சலுக்குப் பிறகு எல்லாம் தேய்ப்புதான். சாணையில் வைக்கும்போது கையுறை போடுவதில்லை. வெறும் விரலுக்குச் சுட்டால் உடனே தண்ணீரில் முக்க வேண்டும். விளிம்பில் நீலம் ஏறிவிட்டால் துவைச்சல் போய்விட்டது, மறுபடி முதலிலிருந்து. பிறகு உப்புத்தாள். 120, 220, 400, 600 என்று ஒவ்வொன்றாக, முந்தைய தாளின் கீறல் மறையும் வரை. எண் கூடக் கூடத் தாள் நைசாகும். வீட்டில் பயன்படுத்துகிற கத்திக்கு 400 போதும் என்பது என் கட்சி. கடையில் இருக்கிற கத்தியின் பளபளப்பைப் பார்த்த கண்ணுக்கு அது போதவில்லை, அதனால் 600. பிடிக்குக் கருவேலங்கட்டை. காம்பைச் சூடாக்கி அரக்கு வைத்து இறக்கி, பித்தளைப் பூண் போட்டு, கைக்கு உறுத்தாமல் இழைக்க 1 மணி 20 நிமிடம். கடைசியாகத் தீட்டுவது. எல்லாம் கூட்டினால் ஒரு கத்திக்கு 8 மணி 50 நிமிடம், மூன்று நாளில் பரவியது.

900 ரூபாயில் இரும்பு, கரி, தாள், பூண், கரண்ட் போக 650 நிற்கும். மணிக்கு 73 ரூபாய்ச் சொச்சம். கோயம்புத்தூரில் என் ஓவர்டைம் இதைவிட அதிகம். அப்பாவிடம் காட்டினேன். "கணக்குப் பாத்தா கொல்லன் உலை மூட்ட முடியாது" என்று சொல்லிவிட்டுக் கரி அள்ளப் போனார். அவர் அப்படிச் சொல்லித்தான் நாற்பது வருஷம் ஓட்டியிருக்கிறார். எனக்கு அது பதிலாகத் தோன்றவில்லை.

ஜப்பானில் சகாய் என்ற ஊரில் சமையல் கத்திகளை அடிக்கிறவர் ஒருவர், சாணை பிடிக்கிறவர் இன்னொருவர், பிடி போடுகிறவர் வேறொருவர். தலைமுறையாக அப்படித்தான். இங்கே மூன்றும் நாங்கள்தான். அமெரிக்காவில் கத்தி செய்கிறவர்களின் சங்கத்தில் ஒரு தேர்வு உண்டு. தொங்குகிற கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும், கட்டையை வெட்ட வேண்டும், அதன் பிறகும் அதே விளிம்பு கைமுடியை மழிக்க வேண்டும், கடைசியில் கத்தியை வைஸில் பிடித்து 90 டிகிரி வளைத்தாலும் ஒடியக் கூடாது. வீடியோவை அப்பாவிடம் காட்டினேன். மழிப்பது வரை தலையாட்டிக்கொண்டிருந்தார். வளைத்ததும், "அப்புறம் அந்தக் கத்திய எவன் வாங்குவான்?" என்றார்.

பவர் ஹாமர், அதாவது மோட்டாரில் அடிக்கிற சம்மட்டி, வாங்கு என்று பலர் யோசனை சொல்கிறார்கள். அரிவாளுக்கு அது உதவும். கத்திக்கு அது மிச்சப்படுத்தப் போவது அந்த ஐந்து நிமிடத்தில்தான். நோட்டைப் பார்த்த பிறகு நான் வாங்கியது பெல்ட் கிரைண்டர், உப்புத்தாள் பட்டை சுழன்று தேய்க்கிற மெஷின், கோயம்புத்தூரில் பழசாக. தூசி தாங்காது, முகமூடி இல்லாமல் நிற்க முடியாது. ஆனால் 1 மணி 40 நிமிட அர வேலை 40 நிமிடமானது. சாணையிலும் உப்புத்தாளிலும் கொஞ்சம் குறைந்து, இப்போது மொத்தம் 7 மணி 5 நிமிடம். கடைசி இழைப்பை மட்டும் அப்பா இன்னும் அரத்தில்தான் செய்கிறார், நான் கண்டுகொள்வதில்லை.

கடைக் கத்தியைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. தகட்டை அச்சில் நறுக்கி, நூற்றுக்கணக்கில் ஒன்றாகச் சூடாக்கி, மெஷினில் தீட்டுகிறார்கள். துருப்பிடிக்காது. என் மனைவி எலுமிச்சம்பழம் அறுக்க அதைத்தான் எடுக்கிறாள். எங்கள் கத்தி புளிப்புப் பட்டால் கறுக்கும், துடைக்காமல் வைத்தால் மறுநாளே துரு. தீட்டினால் நன்றாக வாய் நிற்கும், அது அதன் குணம்.

போன பொங்கலுக்கு முன்னால் டீச்சர் அக்கா மறுபடி வந்தார். கேள்வியை மறந்திருப்பார் என்று நினைத்தேன், மறக்கவில்லை. நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். 'சும்மா - 50 நிமிடம்' என்ற இடத்தில் சிரித்தார். ஓரத்தில் இருந்த கூட்டலைச் சரிபார்த்தார். "ஏழு மணி நேரம். அப்ப மணிக்கு நூறு ரூபாகூட வரலையே தம்பி, உங்களுக்கு?"

"வரலக்கா."

"பாவந்தான்" என்றபடி கத்தியை எடுத்துக் கையில் வைத்து எடை பார்த்தார். கட்டைவிரலை விளிம்பில் குறுக்காக வைத்துத் தடவினார். அப்பா உலைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, 850 போட்டுக்கங்க" என்றார் டீச்சர்.

நான் வாய் திறப்பதற்குள் அப்பா தலையாட்டிவிட்டார். கத்தியைப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். பிறகு நோட்டை முன்பக்கமாகத் திருப்பி, அவர் பெயரையும் முகவரியையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.