மூன்றாவது ஞாயிறும் மஞ்சள் நெருப்புதான்

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் தோற்றுப்போனேன். இந்த முறை தார்ப்பாய்க் கூரையில் ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டை. நான் கேட்டது ஒன்றும் பெரிதல்ல: மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில், என் சின்னப் படகில் உட்கார்ந்து, பம்ப் அடிக்கும் மண்ணெண்ணெய்க் குக்கரில் ஒரு கோப்பை பிளேன்டீ.

"ஐந்து கிலோ காஸ் சிலிண்டரை வையுங்கள் மச்சான், வேலை முடிந்தது" என்கிறார் தங்கை வீட்டுக்காரர். 2021 கடைசியில் இலங்கையெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்ததை மறந்துவிட்டார் போலும். அதை விடுங்கள். காஸ் காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்து விரட்டலாம். படகில் அது அடிப்பலகைக்குக் கீழே இறங்கிப் படுத்துக்கொள்ளும். அந்தக் குழிக்கு ஏது கதவு? மோட்டாரின் ஒரு பொறி போதும்.

வீட்டில் இதே குக்கர், பர்னரைச் சூடேற்ற முதலில் எரிக்கும் ஸ்பிரிட் ஒரு கிண்ணத்துக்கே நீல நெருப்பாக இரைகிறது. படகில் மஞ்சள் நாக்கு நீட்டுகிறது. பர்னர் துவாரத்தை ஊசியால் குத்தி அடைப்பெடுத்தேன், பம்பின் தோல் வாசரை மாற்றினேன், எண்ணெயைத் துணியில் வடித்தேன். கடைசியில் குசினியில் மேசை விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டுப் பற்றவைத்தேன், அதே மஞ்சள்! பர்னரின் சூட்டைக் காற்று களவாடியிருக்கிறது. குழாய் சூடேறாவிட்டால் எண்ணெய் ஆவியாகாமல் அப்படியே பீறிடும்.

கூரை எரிந்தது என் அவசரத்தால். சூடு போதவில்லை என்று இரண்டாம் தடவை ஸ்பிரிட் ஊற்றினேன். வெயிலில் ஸ்பிரிட் நெருப்பு கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துப் போத்தலைச் சாய்த்தேன். போத்தல் வாய் பற்றியது, கையை உதறினேன், மீதி மேலே போயிற்று. நல்லவேளை, ஸ்பிரிட் தண்ணீரில் கரையும். ஒரு வாளி நீரில் அடங்கியது. மண்ணெண்ணெயாக இருந்தால் நீரின்மேல் மிதந்து பரவியிருக்கும். அதற்குத்தான் நனைத்த சாக்கு.

இப்போது கிண்ணத்தை ஆழமாக்கியிருக்கிறேன், ஒரே ஊற்று. காய்ச்சல் சிரப்போடு வரும் சின்னக் கோப்பையால் அளந்து ஊற்றிவிட்டுத்தான் தீக்குச்சி. போத்தல் மூடியோடு படகின் மறுகோடியில். ஸ்பிரிட் தீரும் தறுவாய் வரை, தாங்கியின் காற்றை வெளியேவிடும் திருகாணி திறந்தே இருக்கும். பிறகு மூடி, மெதுவாக நான்கு பம்ப். சுற்றிலும் பால்மா டின்னை வெட்டிய மறைப்பு. குளிருக்காகக் கூரையின் பக்கத் திரையை இறக்கவும் மாட்டேன், அடுப்பிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை.

பர்னருக்காக ஹட்டனில் அலைந்து, கடைசியில் கொழும்பு பழைய சோனகத் தெருவில்தான் வாங்கினேன். விலையை வீட்டில் சொல்லவில்லை.

விசிறிக்கு முன்னால் நேற்று இரவு நீலம் நின்றது. குக்கரைச் சங்கிலியில் தொங்கவிடும் தொட்டில் ஒன்றும் மனதில் ஓடுகிறது. நீர் வற்றி, நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிய பழைய மஸ்கெலியாக் கோயில் தலைகாட்டும்போது அதன் பக்கத்தில் ரொட்டி சுட வேண்டும். அதற்கு முன் தார்ப்பாய்க்கு ஒட்டுப் போட வேண்டும்.