தார்க்குழி எவ்வளவு ஆழம்?

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் நடுவே உள்ள லா பிரேயா தார்க்குழி அருங்காட்சியகத்தில், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் அமர்ந்து, தாரில் புதைந்து கிடந்த பனியூழிக் கால விலங்குகளின் எலும்புகளைச் சுத்தம் செய்வது என் வேலை. பார்வையாளர்களுடன் பேசும் முறை வரும்போதெல்லாம் முதலில் எழும் கேள்வி, குழி எவ்வளவு ஆழம் என்பதுதான். வெளியே ஏரியில் ஒரு மாமூத் யானை அமிழ்ந்துகொண்டிருக்க, கரையில் அதன் துணையும் குட்டியும் தவித்து நிற்கும் சிலைகளைக் கண்டு வருபவர்களுக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்?

அந்த ஏரியே 19ஆம் நூற்றாண்டில் தார் வெட்டியெடுத்த பள்ளத்தில் நீர் நிறைந்து உண்டானது. பனியூழிக் காலத்தில் தார் நிலத்துக்கடியிலிருந்து கசிந்து, பெரும்பாலும் சில சென்டிமீட்டர் கனத்துக்கே பரவிக் கிடந்தது. வெயில் காலத்தில் இளகி, மேலே சருகும் புழுதியும் மூடியிருந்த அந்தத் தாரில் கால்வைத்த விலங்கு மூழ்கவில்லை. நின்ற இடத்திலேயே மாட்டிக்கொண்டது. பலாப்பழம் அறுத்த கையை எண்ணெயின்றிக் கழுவிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சிக்கிய ஒற்றைக் காட்டெருமையைத் தின்ன வந்த கூட்டமும் சேர்ந்து சிக்கியதால், இங்கே கிடைத்த பெரிய பாலூட்டிகளில் ஊனுண்ணிகளே மிகப் பெரும்பான்மை. இன்று அழிந்துபோன டையர் ஓநாய்கள் மட்டுமே 4,000-க்கும் மேல். ஆனாலும் விலங்குகள் வரிசைகட்டி வந்து விழுந்ததாக எண்ண வேண்டியதில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை இப்படியொரு விபத்து நடந்திருந்தாலே, பல்லாயிரம் ஆண்டுகளில் இத்தனை எலும்புகள் சேர்ந்துவிடும்.

அடுத்த ஏமாற்றம் குழந்தைகளுக்கு. இங்கே வாழ்ந்தது கொலம்பிய மாமூத். அடர்ந்த ரோமம் கொண்ட கம்பளி மாமூத் வடக்கே குளிர்நிலங்களில் திரிந்தது.

2006இல் பக்கத்துக் கலை அருங்காட்சியகத்துக்கு வாகன நிறுத்தம் தோண்டியபோது வெளிப்பட்ட, 'ஸெட்' என்று நாங்கள் அழைக்கும் ஆண் மாமூத்தின் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ 80 விழுக்காடு கிடைத்திருக்கிறது. பல் மருத்துவரின் கருவி போன்ற ஊசியாலும் கரைப்பானில் தோய்த்த தூரிகையாலும் தாரை நீக்க நீக்க, கரும்பழுப்பு எலும்பில் நரம்பு ஓடிய துளைகூடத் தெளிவாகத் தெரியும். ஸெட்டின் விலா எலும்புகள் சில உயிரோடிருந்தபோதே முறிந்து கூடியவை. கூடிய இடம் முண்டு கட்டியிருக்கிறது. இன்னொரு ஆண் யானையோடு மோதியதில் முறிந்திருக்கலாம். ஆழத்தைக் கேட்பவர்களை நான் அந்த விலாவின் முன்தான் நிறுத்துகிறேன். எப்படிச் செத்தது என்ற கேள்வி அங்கே தானாக நின்றுபோய், எத்தனை வயதுவரை வாழ்ந்தது என்று கேட்கத் தொடங்குகிறார்கள். அதற்குக் கடைவாய்ப் பல்லின் தேய்மானத்தைக் காட்டி, ஐம்பதை நெருங்கியிருந்தது என்று என்னால் பதில் சொல்ல முடிகிறது.